முழுகி எழுந்த வண்டி

(ஸ்ரீராம்புரத்தில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழைக்காலம் வருகிறது, வண்டியைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று நம் செயலாளர் டெலிபோனில் சொன்னபோது, "ஸ்வாமி, மேடையில் ஸ்பேனரைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?" என்றேன். "எல்லார் ஆத்திலேயும் வண்டி இருக்கு, கேப்பா" என்று சொல்லிவிட்டார். என் சகதர்மிணி மட்டும், "அரைமணிக்கு மேலே பேசாதீங்கோ" என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறாள். முயற்சி செய்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படித்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தேன். வண்டி அடிபட்டால், முழுகினால், எரிந்தால், கம்பெனி சார்பில் போய்ப் பார்த்து, இவ்வளவு கொடுக்கலாம், இவ்வளவு கொடுக்க முடியாது என்று எழுதித் தருகிற உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் நான் பல தடவை எழுதிய ஒரு வாக்கியம் கடைசியில் என் அக்கா ஆத்து வாசலிலேயே வந்து நின்றது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

2005-ம் வருஷம் ஜூலை 26 மும்பையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. வெளியூர்களிலிருந்து சர்வேயர்களை வரவழைத்தார்கள். நானும் போனேன். மைதானம் மைதானமாக வண்டிகளை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பார்ப்போம். அங்கே ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு வண்டிகள், ஒரே உயரத்துக்கு முழுகியவை. ஒன்று பத்து நாளில் ஓடத் தயாராகிவிடும். இன்னொன்றின் என்ஜின் உடைந்து கிடக்கும். இரண்டாவது வண்டிக்காரர் தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்த்திருப்பார்.

காரணம் சொல்கிறேன். என்ஜினுக்குள் சிலிண்டர் இருக்கிறது, அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அழுத்தும். காற்று அமுங்கிக் கொடுக்கும். தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் சிலிண்டரில் தேங்கியிருக்கும்போது என்ஜினைச் சுழற்றினால், பிஸ்டனுக்கு மேலே போக இடமில்லை. எது பலவீனமோ அது வளையும். பிஸ்டனையும் கீழே உள்ள தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடு வளைந்து போகும், சில வண்டிகளில் ஒடிந்து என்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். பட்டறைகளில் இதை 'ஹைட்ரோ லாக்' என்பார்கள்.

இப்படி வளைந்த ராடுகளுக்கு நாங்கள் பணம் கொடுப்பதில்லை. பாலிசியில் வெள்ளத்தால் வரும் நஷ்டம் உண்டு. ஆனால் 'கான்சிக்வென்ஷியல் லாஸ்', அதாவது தொடர் விளைவால் வந்த நஷ்டம் கிடையாது. தண்ணீர் வந்தது வெள்ளத்தால், ராடு வளைந்தது நீ சாவியைத் திருப்பியதால் என்பது தர்க்கம். "என்ஜினின் உட்பாகங்களுக்கு ஏற்பட்ட சேதம் தொடர் விளைவு, ஆகவே அனுமதிக்கப்படவில்லை." இந்த வாக்கியத்தை மும்பையில் அந்த மாதத்தில் எத்தனை தடவை எழுதினேன் என்று கணக்கில்லை. எழுதும்போது எனக்கு உறுத்தவும் இல்லை. விதி அப்படி, நான் எழுதினேன்.

இனி 2015 டிசம்பருக்கு வருகிறேன். என் அக்கா, அத்திம்பேர் இருவரும் சென்னை மேற்கு சைதாப்பேட்டையில், அடையாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தார்கள். அத்திம்பேருக்கு அப்போது எழுபது வயது. சிறுநீரகம் பழுதாகி, செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இதற்காகவே என் மருமான் 2011-ல் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினான். அந்த வண்டி உல்லாசத்துக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும், திரும்பி வரும். வருஷத்துக்கு ஒரு தடவை காஞ்சிபுரம்.

டிசம்பர் 1-ம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்றைய மழை உங்களுக்கே தெரியும். தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அன்று ராத்திரி அடையாறு கரையை மீறியது. விடியும்போது கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் டாஷ்போர்டு உயரத்துக்கு வந்துவிட்டது. மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை. நான் இங்கே ஸ்ரீராம்புரத்தில் உட்கார்ந்துகொண்டு டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்திம்பேருக்குக் கடைசியாக டயாலிசிஸ் ஆனது நவம்பர் 28, சனிக்கிழமை. செவ்வாய் தவறிற்று, வியாழனும் தவறிற்று. வெள்ளிக்கிழமை காலை, அதாவது ஆறாவது நாள், தண்ணீர் வடிந்து தரை தெரிந்தது. அவருக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிற நிலைமை. மருமான் கீழே ஓடினான். வண்டி வெளிப்பார்வைக்குச் சரியாக இருந்தது. சாவியைத் திருப்பினான்.

அவனே பிறகு என்னிடம் சொன்னது: "முதல் தடவை டொக்குனு ஒரு சத்தம் கேட்டு நின்னுடுத்து மாமா. ரெண்டாவது தடவையும் அதேதான். மூணாவது தடவை பிடிச்சுண்டுது. அரை நிமிஷம் கடகடன்னு ஓடித்து. அப்புறம் ஒரேயடியா நின்னுடுத்து."

கடைசியில் அத்திம்பேர் போனது மீன்பாடி வண்டியில். தெருக்கோடி வரை சேற்றில் அதை இரண்டு பிள்ளைகள் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் யார் என்றுகூட அக்காவுக்குத் தெரியாது. அங்கிருந்து ஆட்டோ. அன்று மத்தியானம் டயாலிசிஸ் ஆயிற்று, பிழைத்தார். நான் சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். போனவுடன் மருமானைப் பார்த்து, "ஏண்டா, உங்க மாமா என்ன உத்தியோகம்னு தெரியாதா? ஒரு வார்த்தை கேக்கப்படாதா?" என்று ஆரம்பித்தேன். அக்கா குறுக்கிட்டாள். "டெலிபோனே இல்லைடா, யாரைக் கேப்பான்? அவருக்கு மூச்சு வாங்கறது, பாத்துண்டு எப்படி சும்மா இருப்பான்?" நான் வாயை மூடிக்கொண்டேன். மும்பையில் சாவியைத் திருப்பிய நாற்பது பேருக்கும் இப்படி ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். நான் ஒருவரைக்கூடக் கேட்டதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

பதினெட்டு நாள் கழித்து சர்வேயர் வந்தார். சின்ன வயசுக்காரர், தூக்கமே இல்லாத கண்கள். அவர் வருவதற்கு முதல் நாள் மருமான் மெதுவாகக் கேட்டான்: "மாமா, ஸ்டார்ட்டே பண்ணலைன்னு சொல்லிட்டா என்ன?" நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு நிமிஷம் நானும் யோசித்தேன் என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன். பிறகு சொன்னேன்: "நின்ன வண்டியில ராடு வளையாதுடா. என்ஜினைப் பிரிச்ச உடனே தெரிஞ்சுடும். அதோட மொத்த க்ளெய்மும் போயிடும்." நான் சொன்னது தர்மமா, கணக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

ரிப்போர்ட் வந்தது. என் வாக்கியம் அப்படியே இருந்தது. 'அனுமதிக்கப்படவில்லை.' எழுதிய பையன் மேல் எனக்கு வருத்தமில்லை.

இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாலிசியில் 'ஐ.டி.வி.' என்று ஒரு தொகை போட்டிருக்கும். அன்றைய தேதிக்கு வண்டியின் மதிப்பு அது. பழுது பார்க்கும் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று வைத்து ஐ.டி.வி.யையே கொடுத்துவிடுவார்கள். எங்கள் வண்டிக்கு ஐ.டி.வி. 2,10,000 ரூபாய். 75 சதவீதம் என்றால் 1,57,500. பட்டறையின் எஸ்டிமேட் 1,72,000. தாண்டிவிட்டதே என்று அக்காவுக்கு சந்தோஷம். ஆனால் பாலிசிக்கு உட்பட்ட செலவைத்தான் கணக்கில் எடுப்பார்கள். என்ஜினுக்கான 58,000-ஐக் கழித்தால் 1,14,000. ஆக டோட்டல் லாஸ் இல்லை. அந்த 1,14,000-லும் தேய்மானம் கழியும். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்குப் பாதி. உலோக பாகங்களுக்கு வண்டியின் வயதுப்படி, நாலு வருஷம் தாண்டி ஐந்துக்குள் இருந்தால் 35 சதவீதம். கடைசியில் கைக்கு வந்தது 66,000.

'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு அந்தப் பாலிசியில் இருந்திருந்தால், என்ஜின் செலவும் கணக்கில் சேர்ந்து, டோட்டல் லாஸ் ஆகி, ஏறக்குறைய முழு 2,10,000 வந்திருக்கும். 2007-ல் கட்டண நிர்ணயம் தளர்ந்த பிறகு படிப்படியாக வந்த பிரிவு இது. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' என்பதும் அப்படி வந்ததுதான். இந்த இரண்டும் வேறு வேறு. ஜீரோ டெப் எடுத்தவர்கள் என்ஜினும் அதில் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடங்காது. மருமானின் பாலிசியைப் பார்த்துப் புதுப்பிக்கச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நான்தான். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க, "சின்ன வண்டிதானே, வேண்டாம்டா" என்று சொன்னதும் நான்தான். ஆகவே வித்தியாசத்தை நான் ஏற்றுக்கொள்வது என்று தீர்மானித்தேன். அத்திம்பேர் வேண்டாம் என்றார். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

சென்னைப் பட்டறைகளில் அப்போது எங்கே பார்த்தாலும் முழுகிய வண்டிகள். மார்ச் மாதம் வாருங்கள் என்றார்கள். எனக்கு ஸ்ரீராம்புரத்தில் ஒரு மெக்கானிக்கைத் தெரியும். அவர் தகப்பனார் இந்தப் பக்கத்து மில்லில் ஃபிட்டராக இருந்தவர். சந்துக்குள் சின்ன ஷெட், இரண்டு பையன்கள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், கூட்டம் தாங்காதாம். இங்கே பழுது பார்க்க இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஜனவரி முதல் வாரத்தில் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

அவர் வண்டியைத் தொடவில்லை. சுற்றி வந்து கதவைத் திறந்து மோந்து பார்த்தார். "காய வெச்சுட்டீங்களா சார்?" என்றார். கதவைத் திறந்து வைத்து ஒரு மாதம் காய்ந்தது என்றேன். கார்பெட்டின் ஓரத்தைக் கிழித்து, அடியில் இருக்கிற பஞ்சை எடுத்துப் பிழிந்தார். கையெல்லாம் தண்ணீர். மேலே அப்பளம் மாதிரிக் காய்ந்திருக்கிறது, அடியில் அடையாறு அப்படியே இருக்கிறது. முழுகிய வண்டியை வாட்டர் சர்வீஸ் செய்து வெயிலில் நிறுத்தி ஓட்ட ஆரம்பிக்கிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒயர்க்கட்டுகள் அந்தப் பஞ்சுக்கு நடுவேதான் ஓடுகின்றன.

சீட், கார்பெட், டாஷ்போர்டு எல்லாம் வெளியே வந்தன. பதினொரு நாள் பிரித்துக்கொண்டே இருந்தார்கள். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் உண்டு. சேறு அடைத்து, கதவுக்குள் தண்ணீர் நின்றிருந்தது. ஒயர்கள் சேருகிற கனெக்டர்களைத் திறந்தால் பச்சைப் பசேல் என்று களிம்பு. நம் ஆத்துப் பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்குமே, அதே களிம்பு. ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, ஈரத்தைக் காற்றடித்து வெளியேற்றி, அதற்கென்று விற்கிற ஸ்ப்ரே அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி மாட்ட வேண்டும். அறுபதுக்கு மேல் கனெக்டர்கள் இருந்தன. நானும் உட்கார்ந்து தேய்த்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது, முதுகுவலியைத் தவிர. என்ஜினுக்கு மூளையான ஈ.சி.யூ. பெட்டியை ஜே.சி. ரோடில் ஒருவரிடம் கொடுத்தோம். பிழைத்துவிட்டது. அந்த வண்டியில் ஏர்பேக் இல்லை. உங்கள் வண்டிகளில் இருக்கும். தண்ணீரில் ஊறிய ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்து மாட்ட யாராவது முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். அது வேலை செய்யுமா என்று தெரிந்துகொள்ள விபத்து நேர்ந்தால்தான் உண்டு.

என்ஜினைப் பிரித்தபோது என்னைக் கூப்பிட்டார். நாலு பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து காட்டினார். மூன்று ஒரே மட்டத்துக்கு வந்தன. இரண்டாவது மட்டும் சுமார் இரண்டு மில்லிமீட்டர் கீழே நின்றது. ராடு வளைந்ததால் குட்டையாகிவிட்டது. "இதான் சார் அந்த டொக்கு" என்றார். அந்த ராடை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இதோ, கையில் கொண்டுவந்திருக்கிறேன். முன் வரிசையிலிருந்து ஒருவர் ஒருவராகக் கையில் வாங்கிப் பாருங்கள். ஸ்கேலை வைத்துப் பார்த்தால்தான் வளைவே தெரியும்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். என்ஜின் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. இரண்டு தடவை மாற்றி, மூன்றாவதைத்தான் நிலையாக விட்டார்கள். கியர்பாக்ஸ் ஆயிலும் அப்படியே. ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஏ.சி. புளோயர் எல்லாவற்றையும் திறந்து சுத்தம் செய்தார்கள். வீல் பேரிங்குகளை மாற்றினார்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடியே வண்டி முழுகியிருந்ததால், பின் சக்கரப் பிரேக் துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் அடியில் தண்ணீர். அன்றைக்கு அது தனியாகப் பிரிந்து நின்றது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எங்கும். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு அடியில் இறங்கிவிடும். கொஞ்சம் வடித்தால் போதாது, டாங்கையே காலி செய்ய வேண்டும்.

நாற்றம் மட்டும் போகவில்லை. அக்கா டெலிபோனில், "சாம்பிராணி போடேண்டா" என்றாள். மெக்கானிக் சிரித்தார், ஆனால் போட்டோம். ஒரு நாள் முழுக்கக் கோயில் மாதிரி மணத்தது. மறுநாள் சேறும் சாம்பிராணியும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், அதற்குப் பழைய நாற்றமே தேவலை. கடைசியில் சீட்டின் ஃபோமை முழுக்க மாற்றி, ஏ.சி.க்குள் இருக்கிற கூலிங் காயிலைக் கழுவிய பிறகுதான் விட்டது.

மொத்தச் செலவு 1,27,500. இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக மீதி என்னுடையது. பிப்ரவரி கடைசியில் மருமான் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த செவ்வாய்க்கிழமை அத்திம்பேர் அதில் டயாலிசிஸுக்குப் போனார்.

இவ்வளவு பாடுபட்டது சரியா என்று கேட்பீர்கள். பணக் கணக்கில் சுமார்தான். தண்ணீர் சீட்டுக்குக் கீழே நின்ற வண்டியைத் தைரியமாகச் செப்பனிடலாம். டாஷ்போர்டைத் தாண்டிவிட்டால், அதுவும் இப்போதைய ஆட்டோமேட்டிக் வண்டியாக, நாலு பக்கமும் சென்சாராக இருந்தால், டோட்டல் லாஸ் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் வாங்கிக்கொண்டு வண்டியை விட்டுவிடுங்கள். பிறகு ஆர்.சி. யார் பெயரில் எப்படி முடிகிறது என்பதையும் கவனியுங்கள். ஓடவே முடியாது என்று ஆகிவிட்ட வண்டியை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. பழைய இரும்பாகக் கொடுத்த வண்டி உங்கள் பெயரிலேயே எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கப் போகிறது.

மெட்ராஸ் கதை நமக்கெதற்கு, பெங்களூர் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது என்று நாமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2022 செப்டம்பர் 5-ம் தேதி எமலூரிலும் சர்ஜாப்பூர் ரோடிலும் கோடி ரூபாய் வண்டிகள் தண்ணீரில் நின்றன, ஜனங்கள் டிராக்டரில் ஆபீஸ் போனார்கள். சென்னையில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அதே 2023 மே மாதம் 21-ம் தேதி இங்கே கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் மாட்டிக்கொண்டு ஒரு இளம்பெண்ணின் உயிரே போயிற்று. வண்டியைச் செப்பனிடலாம். ஓக்களிபுரம் பாலத்தடியில் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டு போங்கள், கால்மணி தாமதமானாலும் சரி.

சரி, வண்டி முழுகிவிட்டது, தண்ணீர் வடிந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்வது? சாவியைத் தொடாதீர்கள், 'லைட் எரிகிறதா பார்க்கலாம்' என்றுகூட வேண்டாம். பானெட்டைத் திறந்து பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று வண்டிக்குள் ஒரு கறைக்கோடு தெரியும். துடைப்பதற்கு முன்னால் அதைப் போட்டோ எடுங்கள். சர்வேயருக்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுங்கள். இன்ஷூரன்ஸுக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். இழுத்துக்கொண்டு போவதாக இருந்தால் கயிறு கட்டி வேண்டாம், மேலே ஏற்றிச் செல்கிற லாரிதான் நல்லது. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அதைத் தவிர வேறு வழியே கூடாது. பட்டறையில் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் அந்தத் துளை வழியாகப் பீச்சிக்கொண்டு வந்துவிடும், ராடு தப்பிக்கும்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். கூடுதலாக, பெல்ட் இருக்கிற பக்கவாட்டு மூடியைத் திறந்து தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாலும் வண்டி நகராது. எலெக்ட்ரிக் வண்டிக்காரர்கள் சார்ஜரில் மாட்டவே மாட்டாதீர்கள். 'ஐ.பி. 67' என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரத்துக்கான சோதனை. வெள்ளம் அரைமணியில் வடிவதில்லை. ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடாமல் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

பாலிசி விஷயத்தில் ஒன்று. 'தர்ட் பார்ட்டி' மட்டும் எடுத்திருந்தால் வெள்ளத்துக்கு ஒரு பைசாகூட வராது. பழைய வண்டிக்கு அது போதும் என்று விட்டவர்கள் இந்த ஹாலில் பத்துப் பேராவது இருப்பீர்கள். என்ஜின் புரொடெக்டிலும் நிபந்தனைகள் உண்டு. தண்ணீருக்குள் நின்ற வண்டியைத் தெரிந்தே ஸ்டார்ட் செய்தால் செல்லாது என்று சிலவற்றில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். க்ளெய்மை மறுத்துவிட்டார்கள், மறுத்தது நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அத்திம்பேர் 2017 ஆடியில் காலமானார். வண்டியைப் பார்த்தாலே அக்காவுக்குக் கண் கலங்கியது. விற்றுவிடலாம் என்று மருமான் பெங்களூருக்கே கொண்டுவந்தான். தரகர் ஒருவர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு சார், ஒன்று அறுபதுக்கு முடிச்சுடலாம். வெள்ளத்துல நின்னதுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார். நாற்றமில்லை, கறையில்லை, யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஈமக்கிரியைகளுக்குச் செலவாகியிருந்தது, மருமானுக்குக் கடனும் இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். "வாங்கறவா ஆத்துலேயும் யாராவது உடம்புக்கு முடியாதவா இருப்பாடா. சொல்லிடு" என்றாள்.

வாங்கினவர் யஷ்வந்தபுரத்தில் ஒரு ஸ்கூல் வாத்தியார். எல்லாவற்றையும் சொல்லி, பில்களையும், எந்தெந்தக் கனெக்டரைத் திறந்தோம் என்று நான் நோட்டில் எழுதி வைத்திருந்த பட்டியலையும் கையில் கொடுத்தோம். 1,15,000-க்கு மேல் தர மாட்டேன் என்றார். கொடுத்துவிட்டோம். மருமானுக்கு அந்த 45,000 வெகுநாள் மனதில் இருந்தது. இப்போதும் இருக்கிறதோ என்னவோ.

இரண்டு வருஷம் கழித்து வாத்தியார் ஒரு நாள் வந்தார். மழை பெய்தால் இடது பக்க இண்டிகேட்டர் தானாக எரிகிறது, மூன்று பட்டறைகளில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். நோட்டை எடுத்துக்கொண்டு நம் மெக்கானிக்கிடம் போனோம். அவர் பட்டியலில் விரலை ஓட்டி, முன் இடது கதவுக் கீலுக்குப் பின்னால் இருக்கிற கனெக்டரில் நிறுத்தினார். திறந்தால் அங்கே மறுபடியும் களிம்பு. நானூறு ரூபாய்.

அரைமணி ஆகிவிட்டது, மூன்றாவது வரிசையிலிருந்து சைகை வருகிறது. பாலிசியைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தோமே, கொண்டுவந்தவர்கள் காபி சாப்பிட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற மேஜைக்கு வாருங்கள். மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்த ராடு யார் கையில் இருக்கிறதோ, தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.